பாடம் சொல்லித்தரலாம், மனு எழுதக் கூடாதா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போன இடத்தில் பழக்கமாகி, சாயங்காலம் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்ச நாளாக, அவர்களுக்கு மனு எழுதுகிறேன் என்று கலெக்டர் ஆபீசுக்கு அலைகிறான். சேவை வேறு, வம்பு வேறு இல்லையா?
- ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இல்லை அம்மா, இரண்டும் ஒரே வேலைதான். அவன் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு பையன் பத்தாவது பாஸ் ஆகிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அங்கே போனால் அப்பாவின் சான்று எங்கே, பழைய ஆவணம் எங்கே என்பார்கள். செங்கல் சூளை, மரம் வெட்டு என்று ஊர் ஊராகப் போன, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவிடம் என்ன காகிதம் இருக்கும்? இதைக் கண்ணால் பார்த்த பிறகும் உங்கள் மகன் வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்துவிட்டு வீடு திரும்பியிருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

புதுக்கோட்டையில் 1991-ல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்ததே, அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்து இளைஞர்களும் இளம்பெண்களும் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார்கள். அது எழுத்தோடு நிற்கவில்லை, பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அரிச்சுவடியோடு போதும் என்று யாரும் அவர்களை நிறுத்தவில்லை.

என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். அதை முடித்துச் சான்றிதழை ஃபைலில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முகாம் முடிந்த பிறகும் அதே தெருவுக்குத் திரும்பிப் போகிற பிள்ளைக்கு வேறு ஒரு படிப்பு கிடைக்கிறது. அரசாணையைப் படிக்கத் தெரிகிறது, அதிகாரி முன்னால் குரல் நடுங்காமல் பேச வருகிறது, தனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தன்னோடு வந்த இருளர் பெண்ணை நிற்கவைப்பது ஏன் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றுகிறது. இருபது வயதில் இது வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அந்த இருளர் குடும்பங்களுக்காக அவன் பேச வேண்டாம், அவர்களையே பேசவிட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். செமஸ்டர் பரீட்சை வாரத்தில் போக வேண்டாம், அதைக் கண்டிப்பாகவே சொல்லலாம். அப்புறம், கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். ஒரு திங்கள் நீங்களும் அவனோடு போங்கள், மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.