2024-இல் யூதர்களின் பஸ்கா பண்டிகை, நான் கணக்கிட்ட மார்ச் 25-இல் வராமல் ஏப்ரலில் வந்தது ஏன்?

யூத ஆண்டு 5784-இல் பதின்மூன்றாவதாக ஒரு மாதம் சேர்க்கப்பட்டது. அதனால்தான் யூத மாதமான நிசானின் 15-ஆம் நாள், அதாவது பஸ்கா, நீங்கள் கணக்கிட்ட மார்ச் 25-இல் வராமல் 2024 ஏப்ரல் 23-இல் வந்தது.

2023-ஆம் ஆண்டுப் பஸ்கா நாளான ஏப்ரல் 6-உடன் பன்னிரண்டு சந்திர மாதங்களின் 354 நாள்களைக் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாதம் கூட்டும் வழக்கமில்லாத இஸ்லாமிய நாள்காட்டிக்கு அது பொருந்தும். ஆனால் எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் இப்பண்டிகையை, வாற்கோதுமை கதிர்விடும் ஆபிப் (நிசானின் பழைய பெயர்) மாதத்தில் கொண்டாட வேண்டும் என்று யூத வேதமான தோரா கட்டளையிடுவதால், பருவம் நழுவாதிருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை, நிசானுக்கு முந்தைய ஆதார் மாதம் இரண்டாக வருகிறது. நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் போன்றதே இது. நீங்கள் குறித்த மார்ச் 25 உண்மையில் இரண்டாம் ஆதார் 15. அன்று எருசலேமில் பூரீம் என்ற மற்றொரு யூதப் பண்டிகையைக் கொண்டாடினார்கள்.

சரிபார்க்கும் முறை:

1. பஸ்கா வரும் ஆங்கில ஆண்டுடன் 3760-ஐக் கூட்டுங்கள்.
2. அதை 19-ஆல் வகுங்கள். மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 என்றால் அது பதின்மூன்று மாத ஆண்டு. 5784-க்கு மீதி 8.

இம்முறை மாதத்தை மட்டுமே காட்டும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் வரக்கூடாது என்ற விதியால் ஆண்டின் நீளம் ஓரிரு நாள் மாறும். ஆகவே தேதிக்கு அச்சிட்ட யூத நாள்காட்டியையே நம்புங்கள். மேலும், யூதர்களின் நாள் சூரிய மறைவில் தொடங்குவதால், பஸ்காவின் தொடக்க இரவு விருந்தான செதேர் ஏப்ரல் 22 மாலையிலேயே நடந்தது.