அணுகுண்டை யாராவது தானாகக் கைவிடுவார்களா?

கேள்வி: எங்கள் அம்மாபேட்டை டீக்கடையில் உக்ரைன் பேச்சு வந்தாலே “குண்டைக் கொடுத்துக் கெட்டார்கள்” என்று ஒரே பல்லவிதான். எந்த நாடாவது விரும்பிக் கொடுக்குமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தென்னாப்பிரிக்கா கொடுத்தது, ஆனால் நல்ல மனசு வந்து இல்லை. சொந்தமாகச் செய்த அணுகுண்டை முழுசாக அழித்த நாடு இதுவரை அது ஒன்றுதான். ஆறு குண்டு தயார், ஏழாவது பாதியில். அருகில் இருக்கும் அங்கோலா நாட்டில் கியூபப் படை, அதற்குப் பின்னால் சோவியத், நிறவெறி ஆட்சி என்பதால் கைகொடுக்க ஆளில்லை, அந்தப் பயத்தில் செய்தவை அவை. 1988 ஒப்பந்தப்படி கியூபப் படை கிளம்பியது, பனிப்போரும் முடிந்தது. அப்புறம் யாரை மிரட்ட? குண்டை வைத்திருந்தால் உலகம் இன்னும் ஒதுக்கும், அவ்வளவுதான். 1989-ல் அதிபரான டி கிளார்க் பிரித்துப்போடச் சொன்னார், 1991-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள், குண்டு இருந்த விஷயத்தையே 1993 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆட்சி கறுப்பின மக்கள் கைக்குப் போவதற்குள் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

உக்ரைன் கதை வேறு. சோவியத் உடைந்தபோது அந்த மண்ணில் சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகள் நின்றன, ஆனால் ஏவும் ரகசியக் குறியீடு மாஸ்கோவிடம். பராமரிக்கக் காசும் இல்லை. 1994-ல் புடாபெஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும், குண்டைக் கொடுப்பதற்குப் பதிலாக உக்ரைன் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. யாராவது அடித்தால் படையோடு வருவோம் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. 2014-ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. டீக்கடைக்காரர்கள் சொல்வது பாதி சரி: ஏமாந்தது நிஜம், ஆனால் குண்டைக் கொடுத்ததை விட, அதற்கு வாங்கிய காகிதத்தில்தான் ஏமாந்தார்கள்.

கேள்வி: சரி, தென்னாப்பிரிக்கா பிரித்த குண்டில் இருந்த யுரேனியம் என்ன ஆனது?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பழைய கொலுசை உருக்குகிற மாதிரி உருக்கி வார்த்து வைத்தார்கள். அதில் கொஞ்சத்தை தங்கள் நாட்டு பெலிண்டாபா அணு ஆய்வு உலையில் போட்டு, ஸ்கேனுக்கு உதவும் மாலிப்டினம்-99 எடுத்தார்கள். மிச்சத்தை அமெரிக்கா கேட்டும் கொடுக்கவில்லை.