டிபி இல்லை, என்.டி.எம். என்கிறார்கள்: அம்மாவுக்கு யாரிடமிருந்து தொற்றியது?

பெரும்பாலும் யாரிடமிருந்தும் இல்லை. அம்மாவின் தட்டு, டம்ளரைத் தயவுசெய்து தனியாக வைக்காதீர்கள்.

என்.டி.எம். என்பது டிபி கிருமிக்கு உறவான, ஆனால் டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா கிருமிகள். இவை மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. ஷவரின் உட்புறம் வழவழவென்று படியும் படலத்தில் ஒட்டிக்கொண்டு குளோரினையும் தாங்கும். குளிக்கும்போது நுண்துளிகளோடு மூச்சில் ஏறும். எல்லோரும்தான் சுவாசிக்கிறோம், ஆனால் ஏற்கெனவே பழுதான நுரையீரலில்தான் பெரும்பாலும் தங்குகிறது. நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது, முன்பு டிபி வந்ததா என்பதே. டிபி ஆறினாலும் தழும்பு நிற்கும். விரிந்துபோன மூச்சுக்குழாயில் சளி வெளியேறாமல் தேங்கும், கிருமிக்கு அது வசதி. சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), எதுக்களிப்பு, ஸ்டீராய்டு, மூட்டுவாதத்துக்குப் போடும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சில பயாலஜிக் ஊசிகளும் ஆபத்தைக் கூட்டும். ஒல்லியான, வயதான பெண்களுக்கு இவை எதுவும் இல்லாமலும் வருவதுண்டு.

ஒரே ஒரு சளிப் பரிசோதனையோடு மருந்து தொடங்க வேண்டாம். மறுபடியும் கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்து எந்த இனம் என்று பார்க்கச் சொல்லுங்கள். மருந்து இனத்துக்கு இனம் மாறும்.