பழைய காருக்கு இக்னிஷன் காயில் மாற்ற வேண்டும், பேலஸ்ட் ரெசிஸ்டர் தேவையா? எதைப் பார்த்து வாங்குவது?

காயில் வாங்கும் முன் உங்கள் வண்டியின் வயரிங்கைச் சோதித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு மாதம் அவதிப்பட்டேன். பேலஸ்ட் ரெசிஸ்டர் என்பது காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை, வழக்கமாகப் பீங்கான் கட்டி போல இருக்கும். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் பேலஸ்ட் இல்லாத வண்டி என்று முடிவுகட்டி 3 ஓம் காயில் மாட்டினேன். வண்டி ஓடியது. ஆனால் காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் திக்கும். பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), கண்டென்சர், பிளக் எல்லாம் மாற்றியும் அதே கதைதான். கடைசியில் பார்த்தால், வயர் கட்டுக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் வயர் ஒன்று போகிறது. அதுதான் பேலஸ்ட்! 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 3-க்கும் குறைவாகப் போனால் ஸ்பார்க்கில் எங்கே தெம்பு இருக்கும்?

சோதிப்பது எளிது. இக்னிஷனை ஆன் செய்து, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிளஸ் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பழைய காயிலே மாட்டியிருக்கட்டும். பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே வந்தால் பேலஸ்ட் இல்லை. 6 முதல் 9 வோல்ட் வரை காட்டினால் பெரும்பாலும் இருக்கிறது. பாயிண்ட் திறந்திருந்தால் கரண்டே ஓடாது, எந்த வண்டியிலும் 12 காட்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பேலஸ்ட் இல்லாத வண்டிக்கு பிரைமரி (இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே உள்ள சுருள்) 3 ஓம் அளவில் இருக்கும் காயில். பேலஸ்ட் இருந்தால் 1.5 ஓம் காயில், அதோடு ஏறக்குறைய 1.5 ஓம் ரெசிஸ்டர். லேபிளை நம்பாமல், வயரைக் கழற்றி இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

1.5 ஓம் காயிலை பேலஸ்ட் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் மாட்டவே மாட்டாதீர்கள். பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் அந்த மாட்யூல் கேட்கிற ஓம்தான் கணக்கு.

அப்புறம் செல்ஃப் வயர், அதாவது செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் வயர். பேலஸ்ட் முறையின் பலனே, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ரெசிஸ்டரைத் தாண்டி அது முழுதாகக் காயிலுக்குப் போவதுதான். ரெசிஸ்டர் இருந்து இந்த வயர் அறுந்திருந்தால், எவ்வளவு நல்ல காயில் போட்டாலும் ஸ்டார்ட்டிங் கஷ்டம்தான். செல்ஃப் சுற்றும்போது காயில் பிளஸில் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.