மடியில் வைத்த பூசைத்தட்டு

அன்புள்ள ஐயா,

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன், ஆசிரியை. பாணமையிலிருந்து குமணக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு ஒரு கார்பெட் வீதி போட்டால் என்ன என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடிக்கடி எழுகிறது. அப்பாவுக்கு மூட்டு வலி. "நடக்கேலாத சனம் முருகனப் பாக்க வேணாமா? மொனராகலை, புத்தல எண்டு ஏன் சுத்த வேணும்?" என்கிறார். ஈரநிலம், பழங்காடு, சட்டம் என்று நான் தொடங்கினால் தம்பி 'அபிவிருத்தியின் எதிரி' என்று சிரிக்கிறான். 2020 இல் சிங்கராஜ மழைக்காட்டில் லங்காகம என்ற ஊருக்குப் போகும் பாதையை எதிர்த்தவர்கள் எதைக் கண்டார்கள் என்று கேட்கிறான். சட்டப்படி இப்படியான பாதையைத் தடுக்க முடியுமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? உங்களைப் போன்றவர்கள் எழுதினால் நாலு பேர் கேட்பார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளை,

இரண்டு கிழமையாக ஒரு யானை மனதில் நின்றுகொண்டு போக மறுக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. யானைக்குப் பிறகு வருகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமண 1938 இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 1970 இல் தேசிய பூங்கா, 2010 இல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலகளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு மைல் வரைக்கும் கை நீட்டுகிறது. மிச்சத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

"உங்களைப் போன்றவர்கள் எழுதினால்" என்ற வரியைப் படித்தபோது கோபம் வந்தது. உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். அவர்கள் எழும்பிப் போக முடியாது, மணி அடிக்கும் வரைக்கும் நீங்கள் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். என் வாசகர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யாரிடம் யார் உதவி கேட்பது?

தம்பியின் கேள்விக்கு ஒரே வார்த்தை. லங்காகமயில் ஊர் இருக்கிறது, ஊரில் சனம் இருக்கிறது. 1988 இலிருந்து உலக மரபுரிமையாக இருக்கும் காட்டுக்குள் அந்தப் பாதை எப்படிப் போகலாம் என்று சண்டை பிடிக்கலாம். ஆனால் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி கேட்பவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. காட்டின் வாசலில் முருகன் கோயில் இருக்கும் உகந்தையிலிருந்து, கதிர்காமத்துக்கு முந்தின கட்டகாமம் வரைக்கும் அந்தக் காட்டில் எந்த ஊர் இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போக யார் காத்திருக்கிறார்கள்?

நான் பாதைக்கு எதிரி இல்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பாதை என்ற சொல்லே தண்ணீரில் மிதப்பது; ஆளையும் வாகனத்தையும் கரை கடத்தும் மிதவைக்கு அதுதான் பெயர். குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி, சைக்கிளையும் ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூர்த் திருவிழாவுக்குப் போய் வளர்ந்தவன் நான். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபோது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அழுத கிழவிகளோடு நானும் நின்றேன். அந்தப் பாலத்தை ஒருவன் சூழல் பேசித் தடுத்திருந்தால் அவனை வாவியில் தள்ளியிருப்பேன். இதை உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

'நல்ல மதகு வைத்துக் கட்டினால் தண்ணீர் ஓடும்தானே' என்று அடுத்ததாகச் சொல்வார்கள். மாரியில் 'வீதியை வெட்டி விடுங்கள், வயல் அழுகுது' என்று விவசாயிகள் மண்வெட்டியோடு நிற்பதை உங்கள் பக்கமும் பார்த்திருப்பீர்கள். அந்த வீதிகளுக்கும் மதகு இருந்தது. குமண வில்லு என்ற ஆழமில்லாத ஏரி இருநூறு ஹெக்டேயர் அளவு. குமுக்கன் ஆற்றிலிருந்து ஒரு ஒடுங்கிய வாய்க்காலால்தான் அதற்கு நல்ல தண்ணீர் வருகிறது. அந்த வாய்க்கால் தூர்ந்தால் கண்டல் காயும், கூழைக்கடாவும் நாரையும் வேறு இடம் தேடும். அவ்வளவுதான். வாய்க்காலைத் தூர்க்க ஒரு வீதிக்கு எத்தனை நாள் வேண்டும்?

எனக்குப் பன்னிரண்டு வயதில், போருக்கு முந்தின காலம், பெத்தாவோடு, அதாவது பாட்டியோடு, கதிர்காம யாத்திரைக்கு உகந்தையிலிருந்து காட்டுக்குள் நடந்து இறங்கினேன். தலையில் அரிசி மூட்டை, காலில் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் எல்லாரும் 'சாமி'. என்னையும் ஒரு தாடிக்காரக் கிழவர் "சாமி, கொஞ்சம் தள்ளி இருங்க" என்றார்; அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். குமுக்கன் ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. கரையில் மருத மரங்கள், நாலு பேர் கை கோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், பகலிலேயே பொழுதுபட்ட மாதிரி நிழல். மணலில் பூவல் தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்து, சிரட்டையால் அள்ளிக் குடித்தோம்.

இரண்டாவது சிரட்டை என் கையில் இருக்கும்போது எதிர்க்கரையில் அது வந்தது. யானை என்று சொல்ல வாயெடுத்தேன். பெத்தா வாயைப் பொத்தினா. "அப்பிடிச் சொல்லாத மனே. கணபதி எண்டு சொல்லு." ஐம்பது அறுபது பேரும் இருந்த இடத்திலேயே குந்தினார்கள். அது முன்காலால் மணலைக் கிளறி, தனக்கு ஒரு பூவல் தோண்டியது. அது குடித்து முடித்து, காதை ஒருக்கால் அடித்து, மரத்துக்குள் போகும் வரைக்கும் ஒரு குழந்தையும் அழவில்லை. சிரட்டைத் தண்ணீர் என் கையிலேயே இருந்தது.

இனி மற்ற யானை. சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரரோடு புத்தல வழியாகக் கதிர்காமம் போனேன். அது யாலக் காட்டின் ஓரத்தால் போகிற வீதி. உங்கள் அப்பா கேட்கும் 'காட்டுக்குள் கார்பெட்' அங்கே ஏற்கெனவே இருக்கிறது, காசு செலவழிக்காமல் போய்ப் பார்க்கலாம். "பழம் வாங்கிற்றீங்களா?" என்று சாரதி முதலே கேட்டான். எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு கொம்பன், வீதிக்குக் குறுக்கே, சுங்கச்சாவடிக்காரன் மாதிரி. ஒவ்வொரு வாகனமாக வந்தது. எங்கள் வானின் யன்னலுக்குள் தும்பிக்கை நுழைந்தது. நுனியில் ஒரு விரல், ஈரம், சேற்று மணம். அந்த விரல் மாமியின் மடியைத் தடவி, செலோபேன் சுற்றின பூசைத்தட்டைக் கண்டுபிடித்து, தட்டோடு இழுத்துக்கொண்டு போனது. மாம்பழம், திராட்சை, செலோபேன் எல்லாம் வாய்க்குள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்தான். அது திரும்பியும் பார்க்கவில்லை, அடுத்த யன்னலுக்குப் போனது.

மாமி சிரித்தா. "தம்பிக்குக் கொண்டுபோனத அண்ணன் எடுத்திட்டார்." வான் முழுக்கச் சிரித்தது. ஒரு பொடியன் வீடியோ எடுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெத்தா பெயர் சொல்லப் பயந்த அந்தப் பெரியவர்தானே இவர்? தனக்கு ஆற்றில் பூவல் தோண்டத் தெரிந்தவர் இங்கே செலோபேன் விழுங்கிக்கொண்டு நிற்கிறார். யாரும் அவரைச் சுடவில்லை, ஒரு மரத்தையும் அன்று வெட்டவில்லை. வீதி மட்டும் போட்டார்கள். மரம் எத்தனை விழும் என்று கணக்குக் கேட்கிறவர்களிடம் இதை எந்த நிரலில் எழுதுவது?

நடந்து போகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாத்திரை முடிந்த பிறகு வள்ளியம்மன் ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்தால் அரோகரா என்று சொல்ல நாக்கு எழும்பாது. நீங்கள் போயிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. போகாமல் அந்தக் காட்டுக்காக வாதாடுகிறீர்கள் என்றால் உங்கள் தம்பி சிரிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். மூட்டு வலிக்காரர் முருகனைப் பார்க்கத்தான் வேண்டும். உகந்தை வரைக்கும் வாகனம் போகும், அங்கேயும் முருகன்தான் இருக்கிறார். கதிர்காமமேதான் வேண்டும் என்றால் புத்தல வழியாகக் கூட்டிப்போங்கள். யன்னல் பக்கம் அவரை இருத்துங்கள். பூசைத்தட்டை மடியில் வைக்கச் சொல்லுங்கள்.