ஒரு சாண் கட்டிய மாளிகை

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினில், பிரான்ஸ் எல்லையோரம் இருக்கும் கான்ஃபிராங்க் ரயில் நிலையத்தை நட்சத்திர ஹோட்டலாக மாற்றிவிட்டார்கள் என்று படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது அகதிகள் உயிர்பிழைத்து வந்திறங்கிய இடத்தில் இன்று காசுள்ளவர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். மனம் ஒப்பவில்லை. அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கக் கூடாதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் ஹோட்டல் அல்ல.

பைரனீஸ் மலைகளுக்கு நடுவே, ஒரு சிற்றூரில், 241 மீட்டர் நீளத்துக்கு எதற்காக நிலையம் கட்டினார்கள்? 1928இல் அது திறக்கப்பட்டபோது பிரெஞ்சுத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ., ஸ்பெயினுடையது ஏறக்குறைய 1,670. வித்தியாசம் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணால் ஒரு நாட்டு ரயில் மறு நாட்டுத் தண்டவாளத்தில் ஓட முடியாது. கட்டடத்தின் ஒரு பக்கம் பிரெஞ்சு ரயில், மறுபக்கம் ஸ்பானிய ரயில். பயணி இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, கட்டடத்தைக் கடந்துபோய் மறுபக்கம் ஏறவேண்டும். சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றவேண்டும். அந்த மாளிகை முழுக்க இந்த இறக்கி ஏற்றலுக்காகத்தான்.

நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் இவ்வழியே வந்தார்கள். அதே பிளாட்பாரத்தில் நாஜிகளின் தங்கமும் இறங்கியது, ஜெர்மனிக்கு ஆயுதம் செய்யத் தேவையான டங்ஸ்டன் தாது போனது. பிரெஞ்சு சுங்க அதிகாரி ஆல்பெர் லெ லே நாஜிகளை எதிர்த்த ரகசிய எதிர்ப்பியக்கத்துக்குச் செய்திகள் கடத்தினார், பலர் தப்பிக்க உதவினார். அவர் கதை அங்கே வருகிறவர் எல்லாருக்கும் தெரியவேண்டும், அறை எடுத்தவருக்கு மட்டுமல்ல. இதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் நிலையத்தை முடக்கியது எது? 1970 மார்ச் 27 அன்று, பிரான்ஸ் பக்கம், மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு ரயில் ஏற்றத்தில் பிடிமானம் இழந்து பின்னோக்கி உருண்டு லெஸ்டாங்கே பாலத்தைத் தகர்த்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தைப் பிரான்ஸ் திரும்பக் கட்டவே இல்லை. ஸ்பெயின் பக்கத்து ரயில்கள் மட்டும் வந்துபோக, மாளிகை பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்தது. ஆள் புழங்காத வீடு என்னாகும் என்று நமக்குத் தெரியாதா? 2023இல் ஹோட்டல் திறந்தபிறகு அங்கே மறுபடி விளக்கெரிகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். பக்கத்திலேயே புது நிலையம் கட்டி, ஸ்பெயினின் சரகோசா நகர ரயிலையும் வரவிட்டிருக்கிறார்கள்.

பிரான்ஸ் பக்கம் 2016இல் பெடூ என்ற ஊர்வரை ரயிலை மீட்டுவிட்டார்கள். அங்கிருந்து கான்ஃபிராங்குக்கு இன்னமும் பேருந்துதான். என் கோபமெல்லாம் அந்த மிச்சத் தூரத்தின்மேல்தான்.