பொருள் நகர்ந்துகொண்டே இருக்க விசை தேவையா?

கேள்வி: வெளி விசை செயல்படாதவரை, இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்கும் என்று நியூட்டனின் முதல் விதி கூறுகிறது. ஆனால் தரையில் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கையை எடுத்தால் அது உடனே நின்றுவிடுகிறதே? அப்படியானால் இயக்கத்துக்கு விசை தேவை என்றுதானே ஆகிறது?

பதில்:

பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் விதியை மறுபேச்சின்றி மனப்பாடம் செய்பவர்களைவிட, இந்த ஐயத்தைக் கேட்டுத் தெளிந்தவர்களே பின்னால் வரும் பாடங்களில் தடுமாறாமல் செல்கிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். நகரும் பொருளை ஏதோ ஒன்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டிலும் கருதினார். கண்ணெதிரே நடப்பவை எல்லாம் அதற்குச் சாட்சி சொல்வதுபோலத் தோன்றியதால், அக்கருத்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது.

இயங்குவதற்கு விசை தேவையில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை தேவை. கையை எடுத்ததும் பெட்டியின் மீது விசை எதுவும் இல்லை என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். உண்மையில் அந்தக் கணத்தில்தான், ஈடுசெய்ய ஆளில்லாத ஒரு விசைக்குப் பெட்டி ஆட்படுகிறது. பெட்டியின் அடிப்பரப்பில், அது நகரும் திசைக்கு எதிராகத் தரை செலுத்தும் உராய்வு விசையே அது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெட்டியின் நிறை 20 கிலோகிராம் என்றும், தரைக்கும் பெட்டிக்கும் இடையிலான இயக்க உராய்வுக் குணகம் (நகரும்போது இரு பரப்புகளுக்கும் இடையே உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 0.3 என்றும் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்பதால், உராய்வு விசை 0.3 × 20 × 9.8, அதாவது 58.8 நியூட்டன். பெட்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது நீங்களும் சரியாக 58.8 நியூட்டன் விசையோடு தள்ளினால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிகர விசை சுழியாகிவிடும். பெட்டி ஒரே வேகத்தில் செல்லும். (நின்றிருக்கும் பெட்டியை முதலில் அசைக்க இதைவிடச் சற்றுக் கூடுதலான விசை தேவைப்படும், நிலை உராய்வு பொதுவாக இயக்க உராய்வைவிடப் பெரியது.) உங்கள் விசை பெட்டியை நகர்த்துவதாகக் கைக்குத் தோன்றினாலும், அது செய்யும் வேலை உராய்வைச் சரிக்கட்டுவது மட்டுமே. 60 நியூட்டனாக உயர்த்தினால், மிஞ்சும் 1.2 நியூட்டன் பெட்டிக்கு 0.06 மீ/வி² முடுக்கம் தரும். அப்போது வேகம் கூடிக்கொண்டே போகும்.

இப்போது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்லும் அந்தப் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். 58.8 நியூட்டன் உராய்வு மட்டுமே எஞ்சியிருப்பதால், 2.94 மீ/வி² என்ற அளவில் வேகம் குறைந்து, ஏறத்தாழ 0.34 நொடியில் பெட்டி நிற்கும். அதற்குள் அது 17 சென்டிமீட்டர் கடந்திருக்கும். ‘உடனே நின்றுவிடுகிறது’ என்று நீங்கள் எழுதியதில் மறைந்துபோனது இந்த 17 சென்டிமீட்டர்தான். யாரும் தள்ளாமலே பெட்டி சென்ற தொலைவு அது. தரையை வழவழப்பாக்கி உராய்வுக் குணகத்தை 0.03 ஆக்கினால் அத்தொலைவு 1.7 மீட்டராகும்; 0.003 ஆக்கினால் 17 மீட்டராகும். குணகம் சுழியை நெருங்க நெருங்க, தொலைவு எல்லையின்றி நீண்டுகொண்டே போகிறது.

கலிலியோ இதே வழியில்தான் சிந்தித்தார். ஒரு சாய்தளத்தில் உருண்டு இறங்கும் கோளம், எதிரேயுள்ள சாய்தளத்தில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சாய்தளத்தின் சரிவைக் குறைத்தால், அந்த உயரத்தை எட்ட அது இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கும். சரிவே இல்லாமல் கிடைமட்டமாக்கிவிட்டால் எட்டவேண்டிய உயரம் என்று ஒன்று இராது. ஆகவே கோளம் நிற்பதற்குக் காரணமும் இராது. முழுதும் வழவழப்பான தளத்தை அவரால் செய்ய முடியாது. கிடைத்த தளங்களில் கண்டதை மனத்தால் எல்லைவரை கொண்டுசென்று பார்த்தார். அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் சிந்தனைகளுள் இது ஒன்று. இன்று நமக்கு நேரடிச் சான்றுகளும் உள்ளன. 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், சூரியனைப் பொறுத்து நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது; அந்த வேகத்தைத் தக்கவைக்க எந்த எஞ்சினும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கவில்லை.

‘நிலைமம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ‘நிலை’ இருப்பதால், அசையாமல் நிற்கும் இயல்பு என்று பலர் பொருள்கொள்கிறார்கள். இருக்கும் நிலையிலேயே தொடர்வது என்பதே அதன் கருத்து. ஓய்வில் இருந்தால் ஓய்வில் தொடரும். நேர்கோட்டில் சீராகச் சென்றால் அப்படியே தொடரும். நிலைமம் என்பது பொருளின் பண்பு, அதன் அளவு நிறை, அது விசையன்று. நியூட்டனே 1687-இல் வெளிவந்த பிரின்சிப்பியாவில் இப்பண்பைப் பொருளுக்குள் உறையும் விசை என்று பெயரிட்டு அழைத்தார். ஆகவே மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதை நான் பெரும் பிழையாக எண்ணுவதில்லை.

எனக்கே அக்குழப்பம் இருந்தது. மேல்நோக்கி எறியப்பட்டு, கையை விட்டு நீங்கிய பந்தின் மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்ன தேர்வில், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் மேல்நோக்கி அதைவிடப் பெரிய அம்புக்குறியும் வரைந்திருந்தேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த ஆசிரியர் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டு, “இந்த விசையை எது தருகிறது?” என்று மட்டும் கேட்டார். கை என்று சொல்லமுடியவில்லை, ஏனெனில் கை பந்தைத் தொடவில்லை. காற்று என்றும் சொல்லமுடியவில்லை, ஏனெனில் அது மேலே செல்லும் பந்தைத் தடுக்கிறதே தவிர உயர்த்தவில்லை. ஒவ்வொரு விசைக்கும் அதைச் செலுத்தும் பொருள் ஒன்று வேண்டும். அப்படியொரு பொருளைச் சுட்டமுடியாவிட்டால் அம்புக்குறியை அழித்துவிட வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

திடீரென பிரேக் போடும் பேருந்தில் முன்னோக்கிச் சாயும் பயணியிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவரை முன்னே தள்ளுவது எது? சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு, அப்படி எதுவும் இல்லை. பேருந்தின் வேகம் குறைகிறது. அதன் தளம் பயணியின் பாதங்களையும் உராய்வால் பின்னிழுக்கிறது. அவருடைய மேலுடல் பழைய வேகத்திலேயே செல்கிறது. பேருந்துக்குள் இருந்தபடியே கணக்கிடுபவர்கள் ‘போலி விசை’ ஒன்றைச் சேர்த்துக்கொள்வதுண்டு. அதைப் போலி என்று அழைப்பதே, அதைச் செலுத்தும் பொருள் எதுவும் இல்லாததால்தான்.

பந்துக்குத் திரும்புவோம். கையை விட்டபின் அதனிடம் எஞ்சியிருப்பது திசைவேகமே. எறிந்த விசை அன்று. காற்றின் தடையை விட்டுவிட்டால், மேலே செல்லும்போதும் கீழே வரும்போதும் பந்தின் மீது செயல்படுவது புவியீர்ப்பு ஒன்றே. உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியாகும்போது விசையும் சுழியாகிவிடும் என்று பலர் விடை எழுதுகிறார்கள். நீங்கள் கேட்ட முதல் விதியைக் கொண்டே அதைச் சோதித்துப் பாருங்கள்: அந்த இடத்தில் வேகமும் இன்றி விசையும் இன்றிப் போயிருந்தால், பந்து கீழே வராமல் அங்கேயே நின்றிருக்கும்.